முதலில் வந்தவன்

சென்ற ஜனவரியில் நான் படித்த பள்ளியிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே 'முன்னாள் மாணவர், ஓட்டப்பந்தய வீரர், எழுத்தாளர்' என்று அச்சிட்டிருந்தார்கள். பெயர் என்னுடையதுதான். எழுத்தாளர் என்பதை ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம்; தமிழில் அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஓட்டப்பந்தய வீரர் என்ற சொல்தான் உறுத்தியது.

என் ஓட்டத்தின் முழுக் கணக்கையும் இங்கேயே ஒப்படைத்துவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோய்க்குப் பயந்து ஓடத் தொடங்கியவன் நான். ஒரே ஒருமுறை அரை மாரத்தான் ஓடி முடித்தேன். 2 மணி 51 நிமிடம். நான் எல்லைக்கோட்டை நெருங்கியபோது குடிநீர் மேசைகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அனுபவத்தை இரண்டு கட்டுரைகளாக எழுதினேன். என் கால்கள் எட்டாத இடங்களுக்கெல்லாம் அவை போய்ச் சேர்ந்தன. அதன்பின் எந்த இலக்கியக் கூட்டத்திலும் என்னை அறிமுகப்படுத்துகிறவர் 'ஓடுகிறவர்' என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் விடுவதில்லை. மறுத்துப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு மறுப்பதையும் விட்டுவிட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கொரு பெரிய துணை உண்டு. ஹருகி முரகாமி. ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஜப்பானிய மொழியில் 2007இல் வந்தது, மறு ஆண்டு ஆங்கிலத்தில். அதற்குப் பிறகு, உலகத்தில் ஓடுகிற ஜப்பானியர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மைப் போன்ற வாசகர்கள் அவர் பெயரைத்தான் சொல்வோம். தான் சாதாரண ஓட்டக்காரன் என்பதை அவர் அந்த நூலில் ஒளிக்கவே இல்லை. நாம்தான் அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போகிறோம். 1983இல் ஒரு பத்திரிகைக்காக ஏதென்ஸிலிருந்து மாரத்தான் என்ற ஊர்வரை கோடை வெயிலில் அவர் தனியாக ஓடினார். 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. அதே சாலையில் எதிர்த்திசையில், 2004 ஒலிம்பிக்ஸில் ஓடித் தங்கம் வென்றவர் ஒரு ஜப்பானியப் பெண். 2 மணி 26 நிமிடம் 20 விநாடி. அவர் பெயர் மிஸுகி நொகுச்சி. அவருக்கு முந்தைய ஒலிம்பிக்ஸில், சிட்னியில், வென்றவரும் ஒரு ஜப்பானியப் பெண்தான்: நவோகோ தகஹாஷி. மறு ஆண்டு பெர்லினில், மாரத்தானை 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் ஆனவரும் அவரே. முரகாமியின் எல்லா நாவல்களையும் படித்த நண்பர்கள் எனக்குப் பலர். இந்த இரண்டு பெயர்களையும் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது.

மாரத்தான் என்ற பந்தயமே இப்படி ஒரு பிழையான புகழின் மேல் எழுந்ததுதான். ஹெரோடோட்டஸ் சொல்லும் கிரேக்கத் தூதன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவன். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், மறுநாளே போய்ச் சேர்ந்தான். போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடி, வெற்றியை அறிவித்து விழுந்து இறந்த கதை பல நூற்றாண்டுகள் கழித்து, பிளூட்டார்க், லூசியன் போன்றவர்களிடம்தான் வருகிறது. பிளூட்டார்க் சொல்லும் பெயர்களும் வேறு. உண்மையில் ஓடிய 240 கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஓடினானா என்றே உறுதியில்லாத 40 கிலோமீட்டருக்காக அவனை நினைவில் வைத்திருக்கிறோம். கதையில் அவன் விழுகிறான் அல்லவா, அதனால்தான்.

விழுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1984. லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட ஆண்டு. எங்கள் கரிசல்காட்டு ஊரில் அதற்குப் பிறகு ஓடாத பிள்ளைகளே இல்லை. எங்கள் டிரில் மாஸ்டர் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே எங்களை மைதானத்தில் விரட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆண்டு வட்டார விளையாட்டுப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. சுற்று வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் வந்திருந்தன. நான் 1,500 மீட்டரில் நின்றேன். 200 மீட்டர் சுற்று. ஏழரைச் சுற்று ஓட வேண்டும்.

சொந்த மைதானம், சொந்த ஊர்க் கூட்டம், கைதட்டல். முதல் நான்கு சுற்றை நூறு மீட்டர் ஓடுகிறவனைப் போல ஓடினேன். ஐந்தாவது சுற்றில் ஒரு பையன் என்னைக் கடந்து போனான். வேறு பள்ளிக்காரன், ஹாஸ்டல் பையன் என்று பிறகு சொன்னார்கள். வெறுங்கால். காக்கி டவுசரை அரைஞாண் கயிற்றில் செருகியிருந்தான். கடக்கும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. கரிசல் புழுதி ஒட்டிய அவனுடைய உள்ளங்கால்கள் ஒன்று மாற்றி ஒன்றாக மேலே வந்துபோனதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினேன். பிறகு அதுவும் தெரியவில்லை.

ஏழாவது சுற்றில் விழுந்தேன். எழுந்தேன். கடைசி வளைவில் மறுபடி விழுந்தேன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. "எந்திரி லே! இன்னும் பத்தடிதாம் லே!" என்று டிரில் மாஸ்டர் மைதானத்துக்குள் ஓடி வந்தார். முழங்கையைப் பற்றித் தூக்கினார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்வரை அவர் கை என் கையில்தான் இருந்தது. அப்போது ஹாஸ்டல் பையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பானைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பந்தயம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது அவனுக்கு.

மாலையில் பரிசளிப்பு. முதல் பரிசு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவும் சான்றிதழும். அவன் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அதன்பின் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்து, விடாமுயற்சி பற்றிப் பத்து நிமிடம் பேசி, என்னை மேடைக்கு அழைத்து, தன் சொந்தச் செலவில் ஓர் எவர்சில்வர் டம்ளர் தந்தார். மறுநாள் பாத்திரக்கடையில் கொடுத்து அதில் என் பெயரை வெட்டிக் கொண்டுவந்தார் அப்பா. இன்றும் வீட்டில் அரிசி அளப்பது அந்த டம்ளரால்தான். ஊரில் இன்றும் என்னை 'ஓட்டக்காரரே' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு.

இதற்கு எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் இதே நாடகம் பெரிய அரங்கில் நடந்திருக்கிறது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1908 ஜூலை 24. ஒலிம்பிக் மாரத்தான். இத்தாலியின் கார்ப்பி நகரத்து மிட்டாய்க் கடையில் வேலை பார்த்த டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக அரங்கத்துக்குள் வருகிறார். வந்தவர் தவறான திசையில் திரும்புகிறார். அதிகாரிகள் திருப்பிவிடுகிறார்கள். விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். மொத்தம் ஐந்து முறை. கடைசி 350 மீட்டருக்கு ஏறத்தாழ 10 நிமிடம். இறுதியில் அதிகாரிகள் தாங்கிப் பிடித்து அவரைக் கோட்டைத் தாண்டவைக்கிறார்கள். 2 மணி 54 நிமிடம் 46 விநாடி. அடுத்து, யாருடைய கையும் படாமல் ஓடி வந்தவர் ஜானி ஹேய்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். 2 மணி 55 நிமிடம் 18 விநாடி. அமெரிக்கர்கள் ஆட்சேபித்தார்கள். பியெத்ரி தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் ஹேய்ஸுக்கு வந்தது.

ஆனால் மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பியெத்ரிக்குத் தந்தார். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயில் அன்று பத்திரிகைக்காக அரங்கில் இருந்தார். பியெத்ரிக்கு நிதி திரட்டலாம் என்று எழுதினார். 300 பவுண்டு சேர்ந்தது. பியெத்ரியைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவரே டாயில்தான் என்று பின்னாளில் புகைப்படத்தைக் காட்டிக் கதை கட்டினார்கள். அவர் இருந்தது பார்வையாளர் பகுதியில். விழுந்தவன் புகழ் தாங்கிப் பிடித்தவனுக்கும் ஒட்டும், பார்த்தவனுக்கும் ஒட்டும் போலிருக்கிறது. இர்விங் பெர்லின் மறு ஆண்டே டொராண்டோ பெயரில் ஒரு பாட்டு எழுதினார்.

ஹேய்ஸுக்கு யாரும் பாட்டு எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் அந்த லண்டன் பந்தயத்தில்தான் முதன்முதலில் ஓடப்பட்டது. அது நிரந்தர அளவானது 1921இல். மாரத்தான் உலக சாதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதல் வரியில் இருப்பது ஹேய்ஸின் நேரம்தான். ஒரு பட்டியலின் முதல் வரி. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

பியெத்ரிக்கு அநீதி செய்துவிடக் கூடாது. அவர் மட்டமான ஓட்டக்காரர் அல்லர். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் இருவரையும் தனியாக ஓடவிட்டார்கள், பியெத்ரிதான் வென்றார். மறு ஆண்டும் வென்றார். ஆனால் அந்த இரண்டு வெற்றியையும் இன்று யார் நினைக்கிறார்கள்? ஓடிச் சம்பாதித்த பணத்தில் தம்பி அண்ணனாகச் சேர்ந்து நடத்திய ஓட்டல் நொடித்தது. கடைசிக் காலத்தில் ஸான் ரெமோவில் மோட்டார் கராஜ் ஒன்று வைத்திருந்தார், 1942இல் இறந்தார். வென்ற பந்தயங்களை மறந்து, தோற்ற ஒன்றுக்காகத் தன்னை எல்லோரும் கைகுலுக்கும்போது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்திருக்கிறேன். டம்ளரில் அரிசி அளக்கும்போதெல்லாம் இல்லை, எப்போதாவது.

ஏமாற்றியவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1980 பாஸ்டன் மாரத்தானில் கூட்டத்திலிருந்து கடைசி மைலில் நுழைந்து 'வென்ற' ரோஸி ரூயிஸின் பெயர், எட்டு நாள் கழித்து உண்மையான வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட ஜாக்குலின் கரோவின் பெயரைவிடப் பிரபலம் என்பதைச் சொல்லி நகர்ந்துவிடலாம். திருட்டுக்குக் கிடைக்கும் புகழ் வேறு வகை. என்னைத் தொந்தரவு செய்வது நேர்மையானவர்களுக்குக் கிடைக்கிற புகழ்தான்.

எங்கள் மைதானத்தில் நான் விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே லாஸ் ஏஞ்சலிஸில், ஒலிம்பிக்ஸின் முதல் பெண்கள் மாரத்தான் நடந்தது. ஸ்விட்சர்லாந்துக்காக ஓடிய கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் உடல் கோணி, ஒரு கை செயலற்றுத் தொங்க அரங்கத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம். மருத்துவர்கள் கூடவே நடந்தார்கள், தொடவில்லை. தொட்டால் தகுதி நீக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இன்னும் வியர்க்கிறது, ஆகவே உடல் முற்றிலும் தோற்றுவிடவில்லை என்று கணித்து விட்டுவிட்டார்கள். அவரே கோட்டைத் தாண்டி விழுந்தார். முப்பத்தேழாவது இடம். அந்த ஒளிப்படச் சுருளை முதன்முறை பார்த்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் கைகளைத்தான் பார்த்தேன். எவ்வளவு கவனமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்!

அந்த முதல் பெண்கள் மாரத்தான் வருவதற்குக் காரணமானவர்களில் கேத்ரின் ஸ்விட்சரும் ஒருவர். அவர் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1967 பாஸ்டன். பெண்களுக்கு அனுமதியில்லாத பந்தயம். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து 261 என்ற எண்ணை வாங்கியிருந்தார். ஜாக் செம்பிள் என்ற போட்டி அதிகாரி நடுச்சாலையில் பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்க்கிறார். ஸ்விட்சரின் காதலர் அவரை இடித்துத் தள்ளுகிறார். பெண் விடுதலை பற்றிய எந்தப் படத்தொகுப்பிலும் அந்தப் படம் இருக்கும். அன்று ஸ்விட்சர் ஓடி முடிக்க 4 மணி 20 நிமிடம் பிடித்தது.

அதே பந்தயத்தில், அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக இன்னொரு பெண் ஓடி முடித்திருந்தார். பாபி கிப். 3 மணி 27 நிமிடம். அவர் மார்பில் எண் இல்லை. ஆகவே பிடுங்க எதுவும் இல்லை, படமும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அவர் ஓடியிருந்தார். 1966இல் விண்ணப்பித்தபோது, பெண்ணின் உடல் அந்தத் தூரத்தைத் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு நாள்கணக்கில் பேருந்தில் பயணம் செய்து வந்து, தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து, ஆண்கள் கூட்டத்துக்குள் கலந்தார். 3 மணி 21 நிமிடம் 40 விநாடி. பெரும்பாலான ஆண்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். அந்த ஓட்டங்களை வெற்றிகளாக அமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்டது 1996இல்.

ஸ்விட்சர் பிற்பாடு நன்றாக ஓடினார். 1974இல் நியூயார்க்கில் வென்றார். பெண்களுக்கான பந்தயங்களை நாடு நாடாக நடத்தினார். 2017இல் எழுபது வயதில் அதே 261ஐ அணிந்து பாஸ்டனில் மறுபடி ஓடினார்; அதன்பின் அந்த எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள். எல்லாம் தகும். அந்தப் படத்தால் கிடைத்த பேரை அவர் வேலையாக மாற்றினார், டம்ளராக அல்ல. ஆனாலும் கிப்பை நினைத்தால் எனக்கு மனம் சமாதானமாவதில்லை. கிப் சிற்பியும்கூட. 1984இல் அமெரிக்காவின் முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தான் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குத் தரப்பட்ட சிலைகள் அவர் செய்தவை. 2021இல், பாஸ்டன் மாரத்தான் தொடங்கும் ஹாப்கின்டன் ஊரில், ஓடும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்றைத் திறந்தார்கள். 1966இல் ஓடிய அந்தப் பெண்ணின் சிலை. வடித்தவர் கிப்பேதான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தன்னைத் தானே வார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அழைப்பிதழ் வந்தது. மறுக்க நினைத்தேன். பிறகு, ஹாஸ்டல் பையனின் பெயரையாவது கேட்டுக்கொண்டு வரலாம் என்று போனேன். நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எந்த முறையும் அவன் பெயர் அதில் வந்ததில்லை.

டிரில் மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். என்னைக் கண்டதும் எழுந்து, பக்கத்திலிருந்தவர்களுக்கு நான் விழுந்ததை நடித்தே காட்டினார். எந்த வளைவு, எந்த முழங்கால், எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"சார், அன்னைக்கு முதல்ல வந்தவன் பேரு என்ன சார்?"

"முதல்லயா?" என்றார். யோசித்தார். "ஹாஸ்டல் பையன். ஒல்லியா இருப்பான். நல்லா ஓடுவான் லே அவன். பேரு..." கையை விரித்தார். பிறகு அவருக்கே அது சங்கடமாகிவிட்டது போலும், அலுவலகத்தில் பழைய பதிவேடு கிடக்கும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எழுத்தர் பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ஓரங்களைக் கரையான் தின்ற நீளமான பேரேடு. டிரில் மாஸ்டரின் கையெழுத்து. 1,500 மீட்டர். முதலிடம்: செஸ்ட் நம்பர் 27. நேரம் 4 நிமிடம் 38 விநாடி. பெயர் என்ற கட்டத்தில் அவன் பள்ளியின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பள்ளி இப்போது இல்லை. அதே வரிக்கு நேராக, குறிப்பு என்ற கட்டத்தில், என் பெயர் தலைப்பெழுத்துடன் முழுசாக இருந்தது. 'சிறப்புப் பரிசு' என்று சிவப்பு மையில் அடிக்கோடு.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சர்டிபிகேட்ல எழுதிக் குடுத்தேனே" என்றார். அது அவனிடம் இருக்கும். இருக்க வேண்டும்.

மைதானத்தில் 1,500 மீட்டருக்குப் பையன்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் தொடங்கிவைக்க வேண்டுமாம். ஓரத்தில் நின்றவன் என்னைப் பார்த்தான்.

"சார், நீங்க ரன்னரா சார்? பிப்டீன் ஹண்ட்ரட் எவ்வளவுல ஓடுனீங்க?"

"முடிக்கல தம்பி. விழுந்துட்டேன். சார்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

"அப்ப டிஸ்குவாலிபை சார்."

"ஆமா."

"பர்ஸ்ட் எவ்வளவு சார்?"

"நாலு முப்பத்தெட்டு. வெறுங்காலு."

அவன் உதட்டைக் குவித்து மெல்ல ஒரு விசிலடித்தான். பிறகு குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கத் தொடங்கினான்.